பூவாடைக்காரியும் பிளானெட் என்ஜினும்

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்திப் பிழைத்தவன் நான். தேர்வுக்கு வராது என்று தெரிந்தும் ஒரு கதையை வருஷா வருஷம் சொல்லாமல் விட்டதில்லை. பிரிட்டனில் ராக்கெட் என்ற நீராவி என்ஜின் ஓடிப் பேர் வாங்கிய மறு வருஷமே பிளானெட் என்ற புது வகை வந்த கதை. ராக்கெட்டுக்குச் சிலிண்டர் வெளியே, எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தது. பிளானெட்டில் அதை உள்ளே, புகைப்பெட்டிக்குக் கீழே தள்ளினார்கள். ஆவியின் சூடு வீணாகவில்லை, வண்டியின் ஆட்டமும் குறைந்தது. அதுவரை என்ஜின் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஒரே அமைப்பில் வரிசையாகப் பல என்ஜின்கள் செய்வது இந்த வகையில்தான் நிலைத்தது.

ஆனால் உள்ளே இருக்கிற சிலிண்டர் சக்கரத்தைச் சுற்ற வேண்டுமானால் அச்சையே இரண்டு இடத்தில் வளைத்தாக வேண்டும். பாடெல்லாம் அந்த வளைவுக்குத்தான். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு அது தெரியாது. லட்சணமாக ஓடிக்கொண்டிருக்கும், ஒருநாள் அச்சு முறியும். அப்புறம் பின்னால் இன்னொரு ஜோடிச் சக்கரம் சேர்த்து அடுத்த வகையைச் செய்தார்கள். பிளானெட்டை ஓரங்கட்டிவிட்டார்கள்.

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ரயில் பாதை போடுகிறார்கள் என்றதும் என்னைப் போலக் குதித்தவன் ஊரில் கிடையாது. பாதை எங்கள் கழனி வழியாகத்தான் போகிறது என்று தெரிந்த பிறகும் குதித்தேன். அங்கே கரும்பு வைத்துக்கொண்டிருந்த என் தம்பி, நிலம் போனால் போகட்டும் என்று இருந்துவிட்டான். கழனியில் ஒரு கிணறு இருந்தது.

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகச் செத்தவள் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி. வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்கு. புதுப்புடவையோடு கிணற்றங்கரைக்குப் போய், குடத்தில் தண்ணீர் மொண்டு பூச்சுற்றி வைப்போம். பம்பைக்காரர் மேளத்தை அடித்துப் பாடுவார். அவள் யார்மேலாவது வந்து சம்மதம் சொன்ன பிறகுதான் குடம் வீட்டுக்குள் போகும். எங்கள் அம்மா, அப்பாவுக்கு முன்னால் சுமங்கலியாகப் போனவள். என் கல்யாணத்துக்கும் தம்பி கல்யாணத்துக்கும் அந்தக் கிணற்றிலிருந்துதான் வந்தாள். அங்கே சிலை கிடையாது, ஒரு கல்கூட நட்டதில்லை. கல்யாணம் முடிந்ததும் குடத்துத் தண்ணீரைக் கிணற்றிலேயே விட்டுவிடுவோம். வீட்டுச் சாமியைப் பற்றி வெளியாளிடம் வாய் திறக்கவும் மாட்டோம்.

அளக்க வந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள், கோயில் குளம் ஏதாவது உண்டா என்று. தம்பி வழக்கப்படி பதில் சொன்னான்.

"கோயிலெல்லாம் இன்னாங்க. வெறும் கெணறுதான்."

பக்கத்துக் கழனிக்காரர் கெட்டிக்காரர். வேப்பமரத்தடியில் கிடந்த ஒரு கல்லைக் காட்டினார். அதைப் பூசை போட்டு வேறிடத்தில் நட்டுக்கொள்ள அவருக்கு அவகாசம் கிடைத்தது. கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து டிப்பர் டிப்பராகச் செம்மண் வந்து எங்கள் கிணறு மூடிப்போனது. யாரைத் திட்டுவது? கேட்டவன் தப்பாகக் கேட்கவில்லை, சொன்னவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல்.

போன தையில் தம்பி மகளுக்குக் கல்யாணம். எங்கள் அம்மா அவளுக்கு ஆயா. ரயில் மேட்டின் அடியில் போய் நின்றோம். மேலே தண்டவாளம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது, சனங்கள் ஏறுகிற வண்டி இன்னும் வந்தபாடில்லை. கிணறு எந்த இடத்தில் இருந்தது என்பதிலேயே பங்காளிகளுக்குள் தகராறு. கடைசியில் கடையில் வாங்கிய கேன் தண்ணீரைக் குடத்தில் ஊற்றினார்கள். பம்பைக்காரர் தொண்டை கட்டும்வரை பாடினார். யார்மேலும் வரவில்லை. தம்பி மனைவி புடவைத் தட்டைக் கை மாற்றி மாற்றி ஏந்திக்கொண்டு நின்றாள்.

தம்பி என் பக்கம் திரும்பினான்.

"ரயிலு வருது ரயிலு வருதுன்னு குதிச்சிக்கினு இருந்தியேண்ணா. வரட்டும். அதுலயாவது அம்மா வர்றாளா பாக்கலாம்."

அவன்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறது என்று பம்பைக்காரர் பம்பையை இறக்கி வைத்தார். ஆத்தா மனசுக்குள்ளேயே சம்மதம் சொல்லிவிட்டாள், குடத்தைத் தூக்குங்கள் என்றார். தூக்கிக்கொண்டு நடந்தோம்.

வாசலில் மஞ்சள் பூசிய முகத்தோடு பெண் காத்துக்கொண்டிருந்தாள். அப்பன் முகத்தைப் பார்த்தவள் அவனை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா, ஆயா வந்துட்டாங்களா?"

எந்த என்ஜினுக்கு எத்தனை அச்சு என்று எவனாவது மாற்றிச் சொன்னால் பொறுக்காதவன் நான்.

"வந்துட்டாங்கம்மா" என்றேன்.

அவள் அந்தக் கேன் தண்ணீரின் முன்னால் விழுந்து கும்பிட்டாள்.