தேரைக்கு ஒரு தனி அறை

மூன்றாவது முறையாகக் கையைக் கழுவிக்கொண்டிருக்கிறார் அமலநாதன். சவுக்காரம் கிடையாது, வெறும் கிணற்றுத் தண்ணீர்தான். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒன்றையும் விடாமல் தேய்த்து, துடைக்காமல் உதறிவிட்டு, காக்கிக் கோட்டின் பையிலிருந்து ஈரத்துணி முடிச்சு ஒன்றை எடுக்கிறார். அவிழ்த்தால் உள்ளே ஒரு தேரை, சுவரில் ஒட்டிக்கொண்டு நம்மை முறைக்குமே, அந்தத் தேரை. "நம்ம வேர்வையில உப்பு இருக்குதுங்க. தவளை ஜாதிக்கு உப்பு ஆகாது. மூச்சு விடுறதுல பாதி தோலாலதான், தண்ணி குடிக்கிறதும் தோலாலதான். உப்புக் கையால தொட்டா அதுக்குக் கண்ணுல மொளகாத்தூளு பட்ட மாதிரி" என்கிறார். தன் சோற்றுக்கு உட்காரும்போது ஒரு முறைகூட ஒழுங்காகக் கழுவுவதில்லை என்பது அவர் மனைவி புஷ்பமேரியின் புகார்.

அமலநாதனுக்கு வயது நாற்பத்து நாலு. இருபது வருஷமாகப் பிரெஞ்சு சர்க்கார் தபால் ஆபீசில் கடிதம் பிரிக்கிறார். சுவரை மறைத்து நிற்கும் அலமாரியில் சின்னச் சின்ன அறைகள்; காரைக்காலுக்கு ஒன்று, மாஹேக்கு ஒன்று, சைகோனுக்கு ஒன்று, மர்செய்க்கு ஒன்று. முகவரியைப் படிப்பதற்குள் கட்டைவிரல் கடிதத்தைத் தள்ளிவிட்டிருக்கும். இந்தப் பழக்கம் ஆபீசோடு நிற்பதில்லை. கடைத்தெருவில் எதிரே வருகிறவரைப் பார்த்தால்கூட அந்தக் கட்டைவிரல் லேசாக அசையும். என்னை எந்த அறையில் போட்டிருக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

ஆபீசில் கழித்துப் போட்ட பழைய அலமாரி ஒன்று ஏலத்தில் வந்தபோது அதை வாங்கி வீட்டுக் கூடத்தில் நிறுத்தினார். அதே ஏலத்தில், ஊர் திரும்பிய ஒரு பிரெஞ்சு நீதிபதியின் புத்தகங்களில் ஒன்றும் கிடைத்தது. உலகத்து உயிர்களை எல்லாம் குடும்பம் குடும்பமாகப் பிரித்து எழுதிய தடித்த புத்தகம், இரண்டாம் பாகம் மட்டும். பாம்பில் தொடங்கி மீனில் முடிகிறது. அதனால் மாடு, குரங்கு, மனிதன் முதலியவற்றைப் பற்றி அமலநாதனுக்கு அபிப்பிராயமே கிடையாது. கேட்டால், "அது மொத பாகங்க" என்று கையை விரித்துவிடுவார். தவளை என்று ஆரம்பித்தாலோ, நீங்கள் உட்காருவதற்கு ஓர் இடம் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது அந்த அலமாரியில் கடிதத்துக்குப் பதில் தவளைக் குறிப்புகள். உயிருள்ளவை பின்கட்டில், பானைகளில். "வூட்ல நாங்க ரெண்டு பேரு, தவளை பதினேழு பானை" என்று புஷ்பமேரி வருகிறவர்களிடம் அறிமுகம் செய்துவைப்பார். மழைக்காலத்தில் அந்தப் பதினேழு பானையும் சேர்ந்து கத்தும்போது பக்கத்து வீட்டார் ஜெபமாலை சொல்வதற்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

அலமாரியில் எல்லாம் ஒழுங்காக அடங்கிவிட்டது, தேரை ஒன்றைத் தவிர. புத்தகம் அதைக் குளத்துத் தவளையின் பெரிய குடும்பத்திலேயே சேர்த்திருக்கிறது. அமலநாதன் ஒத்துக்கொள்ளவில்லை. செத்த தேரை ஒன்றை அறுத்து, ஊசியால் விரலைப் பிரித்துப் பார்த்தவர் அவர். "மத்த தவளைக்கு விரலு நுனியில எலும்பு, அதுக்குப் பின்னாடி எலும்பு, அவ்ளோதான். தேரைக்கு அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு துண்டு எச்சா வச்சிருக்குது. அதனாலதான் நுனியை மடக்கிச் சுவத்துல அப்பிக்கிது. பிரான்சுல மரத்துல ஏறுற தவளை ஒண்ணு இருக்குது, அதுக்கும் இந்தத் துண்டு உண்டு. ஆனா நெஞ்செலும்பைப் பாருங்க, அதுக்கு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும். நம்ம தேரைக்கு நடுவுல ஒட்டியிருக்கும், குளத்துத் தவளைக்கு இருக்கிற மாதிரியே. விரலைப் பாத்தா பிரான்சுக்காரன், நெஞ்சைப் பாத்தா நம்மாளு."

இதைச் சொல்லும்போது பித்தளைப் பொத்தான் போட்ட பிரெஞ்சுக் கோட்டும், கீழே வேட்டியுமாக நிற்பார். அதில் என்ன வேடிக்கை இருக்கிறது என்று இதுவரை அவருக்குத் தோன்றியதில்லை.

"அப்படின்னா ரெண்டு பேரும் சொந்தமா, இல்லையா" என்று கேட்டேன்.

"கெடையாதுங்க. அவன் தனியா மரம் ஏறினான், இவன் தனியா ஏறினான். லட்சம் லட்சமா வருஷம் ஏறி ஏறி, ரெண்டு பேரு விரலும் ஒரே மாதிரி ஆயிடுச்சு. தொழிலு ஒண்ணு, குடும்பம் வேற. தேரைக்குத் தனி ரூம்பு குடுக்கணும்."

ஆனால் தபால்காரர் தபால்காரர்தான். முழு முகவரி தெரியாமல் எதையும் அறையில் போடமாட்டார். தேரைக்கு இன்னொரு பழக்கம் உண்டு. தண்ணீரில் முட்டையிடாது. தண்ணீருக்கு மேலே, சுவரிலோ கிளையிலோ, பின்னங்காலால் கடைந்து கடைந்து வெள்ளை நுரையாக ஒரு கூடு கட்டி, அதற்குள் முட்டையிடும். சைகோனில் சுங்கத்தில் வேலை பார்க்கும் அவருடைய சகலை லூயிஸ் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அங்கேயும் அதே நுரை, ஐந்தாம் நாள் நுரை கரைந்து தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழுகின்றன. ஆப்பிரிக்காவில் இருந்த ஒரு சிப்பாயும் இப்படியே எழுதினாராம். "கடலு பூரா உப்பு. தவளை எப்படித் தாண்டும்? கப்பல்ல டிக்கெட் வாங்கினு போச்சா? ஒரு காலத்துல நடந்தே போற வழி இருந்திருக்கணும்ங்க" என்று சொல்லி, எதிரில் இருப்பவரின் தோளைப் பிடித்து உலுக்குவார். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்த இடத்தில் தலை சுற்றும்.

ஐந்தாம் நாளைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால் தேரைக்குத் தனி அறை கொடுத்துவிடலாம். மூன்று மழைக்காலமாகப் பார்க்க முடியவில்லை. முதல் கூட்டை ஆபீசுத் தோட்டக்காரர் ஆதிமூலம் துடைப்பத்தால் தள்ளிவிட்டார். இரண்டாவது வெயிலில் காய்ந்தது. மூன்றாவது அமலநாதன் வீட்டுத் தொட்டியிலேயே கிடைத்தது. புஷ்பமேரி அதில் கொதிதண்ணீரை ஊற்றினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் சைகை மூலமாகத்தான் பேச்சு.

இந்த ஐப்பசியில் நாலாவது கூடு கிடைத்தது. கிடைத்த இடம்தான் வம்பு.

எங்கள் பங்குக் கோயிலின் பக்கவாசலில் சுவரோடு பதித்த கல் தொட்டி ஒன்று உண்டு. உள்ளே போகிறவர்கள் அதிலிருக்கும் தீர்த்தத்தில் விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். அமலநாதன் தினமும் ஆபீசுக்குப் போகும் வழியில் இரண்டு கணு ஆழத்துக்கு நனைத்து, நெற்றியிலிருந்து தண்ணீர் வழிய வழிய வெளியே வருகிறவர். புதன்கிழமை காலையில் விரலை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். தொட்டிக்கு மேலே சுவரில், ஒரு கைப்பிடி அளவுக்கு வெள்ளை நுரை.

ஓட்டு ஒழுக்கிலிருந்து இரவெல்லாம் மழைத்தண்ணீர் விழுந்து தொட்டி நிரம்பி வழிந்திருந்தது. தீர்த்தம் மந்திரிக்கும்போது அதில் உப்புச் சேர்ப்பது வழக்கமாயிற்றே என்று அமலநாதன் பயந்து, குனிந்து, தண்ணீரை நாக்கால் தொட்டுப் பார்த்தார். உப்பில்லை. ஆபீசுக்கு நடந்தாரா பறந்தாரா என்று அவருக்கே நினைவில்லை.

வியாழக்கிழமை பூசைக்கு வந்த எங்கள் தெரு ஆனந்தமேரி அந்த நுரையைப் பார்த்தார். கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை சகாயநாதன் அந்நேரம் பளபளவென்று மழித்த முகத்தோடு எதிரே வந்தார். அவ்வளவுதான். "தீர்த்தத் தொட்டியில மூஞ்சி சவரம் பண்றான்யா இவன். நொரையைக்கூட வழிக்கல" என்று ஆனந்தமேரி போட்ட சத்தத்துக்குப் பூசைக்கு வராதவர்களும் வந்துவிட்டார்கள்.

நுரையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். கிண்ணத்தில் தூரிகையைப் போட்டுச் சுழற்றி எடுத்த நுரை போலவேதான் இருந்தது. வெள்ளைக்காரரான பங்குச் சாமியார் வந்து பார்த்தார். நெஞ்சு வரை தாடி வளர்த்திருக்கும் அவருக்குச் சவர நுரையைப் பற்றி என்ன தெரியும்? பத்துப் பேர் ஒரே குரலில் சொன்னதை நம்பினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் குற்றத்தை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சகாயநாதனிடம் சொல்லிவிட்டார். நுரையைச் சாட்சியாக அப்படியே விட்டுவைக்கவும் உத்தரவு. பதினோரு வருஷமாகக் கோயிலே கதியென்று இருக்கிற மனிதர், இரண்டு பெண்களைப் பெற்றவர். "நான் வூட்லதான் சாமி பண்ணிக்கினேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பழி தீரும்வரை சவரக் கத்தியைத் தொடுவதில்லை என்று மாதா சுரூபத்துக்கு முன்னால் சபதமும் செய்தார்.

அமலநாதன் அந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. திறந்தால், அது தேரைக் கூடு என்று தெரிந்த அடுத்த நிமிஷம் ஆனந்தமேரியின் முந்தானை அதைத் துடைத்து எறிந்துவிடும். அன்று ஆபீசில் சைகோன் கடிதம் ஒன்றைக் காரைக்கால் அறையில் தள்ளிவிட்டு, உடனே பதறி எடுத்தார். இருபது வருஷத்தில் முதல் தடவை. சாயங்காலம் அவரால் தாங்க முடியவில்லை. நேரே கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலில் நின்றார்.

உள்ளே என்ன நடந்தது என்பதைச் சாமியார் யாரிடமும் சொல்லமாட்டார். அமலநாதன் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். விரல் துண்டு, நெஞ்செலும்பு, சைகோன், கடல் உப்பு என்று கால் மணி நேரம் பேசியிருக்கிறார். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாமியார், "மகனே, தவளை பாவம் அல்ல" என்றாராம்.

"தவளை பாவம்னு சொல்லலீங்க சாமி. தவளைக்காக நான் பேசாம இருந்துட்டேன். சகாயநாதனுக்கு வேல போகுது."

"அது பாவம்" என்று சாமியார் ஒத்துக்கொண்டார். பிறகு ஒரு பெருமூச்சு. "ஆனால் இங்கே கேட்டதைக் கொண்டு நான் வெளியே ஒன்றும் செய்யலாகாது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். எழுந்து என் வீட்டுக்கு வா. அங்கே வந்து எல்லாவற்றையும் சொல்."

"மொதல்லேர்ந்தாங்க சாமி?"

"முதலிலிருந்து" என்றார் சாமியார், பாவம்.

அப்படியாக அமலநாதன் ஒரே மாலையில் தேரைக் குடும்பத்தின் வரலாற்றை இரண்டு முறை சொல்லி, ஞாயிறு வரை தவணை வாங்கினார். தலைப்பிரட்டை விழுந்தால் சகாயநாதன் நிரபராதி. விழாவிட்டால் சாவி. சனிக்கிழமை தொட்டிகளில் புதுத் தீர்த்தம் ஊற்றும் நாள். உப்பில்லாமல் தீர்த்தம் கிடையாது என்றார் சாமியார். "தேரைக்குத் தீர்த்தம் வாணாம் சாமி, மழைத்தண்ணி போதும்" என்றார் இவர். கடைசியில் அந்த ஒரு தொட்டியை மட்டும் விட்டுவிட்டு, யாரும் விரல் வைக்காதபடி பக்கவாசலுக்கு ஒரு பெஞ்சு குறுக்கே போடப்பட்டது. இவர் காலையும் மாலையும் பெஞ்சைத் தாண்டிக் குதித்து, தொட்டித் தண்ணீரை நக்கிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனந்தமேரி அதையும் பார்த்தார். இவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதையும் ஊர் முழுக்கச் சொன்னார்.

ஞாயிறு பூசையில் யாருக்கும் பிரசங்கம் காதில் விழுந்திருக்காது. முடிந்ததும் கோயில் முழுவதும் பக்கவாசலில் வந்து அடைத்துக்கொண்டது. மூன்று நாள் முள்தாடியோடு சகாயநாதன் தொட்டிக்கு ஒரு பக்கம், கையைக் கட்டிக்கொண்டு ஆனந்தமேரி மறுபக்கம். நுரை மேலே காய்ந்து பொருக்குத் தட்டிப் பழுப்பாகியிருந்தது. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. யாரோ கனைத்தார்கள். சகாயநாதன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்க்கத் தொடங்கினார். நான் அமலநாதனைப் பார்த்தேன். அந்த முகத்தை அவ்வளவு வெளுத்து நான் பார்த்ததே இல்லை. தன் தேரைக்காக அல்ல, அந்தச் சாவிக்காகத்தான் என்பது எனக்கு நிச்சயம்.

நுரையின் அடிப்பக்கம் ஈரமாகித் தொங்கியது. ஒரு சொட்டு விழுந்தது. சொட்டுக்கு வால் இருந்தது.

அதன் பிறகு ஒன்று, இரண்டு, பிறகு பொலபொலவென்று. கூட்டத்தில் யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அடுத்த நொடி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நன்றாகப் பார்க்கவென்று சாமியார் குனிந்தார். ஒரு தலைப்பிரட்டை நேராக அவர் தாடியில் விழுந்து துள்ளியது.

"அசையாதீங்க சாமி" என்று பதறினார் அமலநாதன். கையை நீட்டினார், உள்ளங்கை வியர்வையைப் பார்த்தார், இழுத்துக்கொண்டார். "எங்கையி உப்பு. அப்படியே தாடியைத் தொட்டியில முக்கிடுங்க."

சாமியார் முக்கினார். நிமிர்ந்தபோது தாடியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்ட, "இப்போது இதற்கு எந்தக் குடும்பம்?" என்று கேட்டார்.

"தனி ரூம்புதாங்க சாமி."

சகாயநாதன் தன் முள்தாடியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு அழுதார், நடுநடுவே சிரித்தார். ஆனந்தமேரி அவருக்குச் சவரத்துக்கு வெந்நீர் வைப்பதாகச் சொல்லி வேகமாக நடந்தார். கூட்டம் கலைந்தது. கடைசியாக அமலநாதன் ஆலயத்துக்குள் நுழையத் திரும்பினார். நாற்பது வருஷப் பழக்கம், வலது கை தானாகத் தொட்டியை நோக்கிப் போயிற்று. தண்ணீருக்கு ஒரு நெல்லளவு மேலே வந்து நின்றது. கீழே கறுப்பாக நூறு வால்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவர் விரலை மெல்ல மடக்கி எடுத்து, காய்ந்த விரலாலேயே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.