சட்டைக்குள் ஒரு ரேடியோ

எல்.கே.ஜி.யில் என்னைச் சேர்த்தபோது எனக்கு ஆறு வயது முடிந்திருந்தது. வகுப்பில் மற்ற பிள்ளைகள் என் தோளுக்குக்கூட வரமாட்டார்கள். முதல் நாளே எல்லோரும் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பையன் என்னை மிஸ் என்றே நினைத்துக்கொண்டு, எதிரில் வந்து நின்று சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவன் அழுதுவிட்டான்.

பிறவியிலேயே எனக்குக் காது மந்தம். பக்கத்தில் ரயில் போனால் தெரியும்; முதுகுக்குப் பின்னால் நின்று யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தெரியாது. வீட்டில் இதைக் கண்டுபிடிக்கவே நாளாகிவிட்டது. பேச்சு வர இன்னும் நாளாயிற்று. ஆஸ்பத்திரிக்கு அலையாய் அலைந்து அப்பா ஒரு காது மிஷின் வாங்கிக் கொடுத்திருந்தார். இந்தக் காலத்து மிஷின் மாதிரி காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சமாசாரம் இல்லை அது. சிகரெட் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. அதை மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு ஒயர் கிளம்பிக் கழுத்து வழியாக ஏறிக் காதுக்குள் போகும். போட்டுக்கொண்டால் உலகம் கொஞ்சம் கிட்டே வரும். கழற்றினால் போய்விடும்.

அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். முதலில் போன இரண்டு பள்ளிகளிலும் உள்ளதைச் சொல்லித்தான் இடம் கேட்டார்களாம். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி இருக்கிறது, ஹாஸ்டலும் உண்டு, அங்கே கொண்டுபோய் விடுங்கள் என்று இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டார்கள். ஹாஸ்டல் என்றதும் அம்மா அன்று சோறு தின்னவில்லை. மூன்றாவது பள்ளியில் காதைப் பற்றி அப்பா வாயைத் திறக்கவில்லை.

அது ஒரு பெரிய வீட்டின் பின்புறத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு நடந்த இங்கிலீஷ் மீடியம் நர்சரி, பிரைமரி பள்ளி. அதை நடத்திய அம்மாளுக்குப் பெரிய மிஸ் என்று பெயர். சேர்க்கும்போது பிள்ளையிடம் என்னென்ன கேட்பார், எந்த வரிசையில் கேட்பார் என்று பக்கத்து குவார்ட்டர்ஸில் விசாரித்து, அப்பா எனக்குப் பதில்களை அதே வரிசையில் உருப்போட வைத்தார். என் பெயர், அப்பா பெயர், ரோஜாப்பூவின் நிறம், ஊர். அன்று மிஷினை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனோம். பெரிய மிஸ்ஸின் வாய் அசைந்து நின்றதும் நான் ஒரு பதில் சொன்னேன்; மறுபடி அசைந்து நின்றதும் அடுத்த பதில். எல்லாம் சரியாகத்தான் போயிற்று. ஆனால் ஊரைக் கேட்பதற்கு முன்னால் அவர் ஒரு சாக்லேட்டை நீட்டி ஏதோ கேட்டார். நான் "ஆவடி" என்றேன். குழந்தைக்குக் கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று அவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை இதுவரை ஊரில் தாத்தா வீட்டில் வளர்ந்தது, அதனால்தான் வயது கூடிவிட்டது என்றும் ஒரு பொய் சொன்னார். இடம் கிடைத்துவிட்டது.

பள்ளிக்கு மிஷின் இல்லாமல் போக முடியாது. அதனால் அம்மா என் ஷிம்மியின் உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைத்தாள். பெட்டி அதற்குள் போயிற்று. மேலே யூனிபார்ம் சட்டை. ஒயர் தெரியாதபடி காதை மூடிப் பின்னலை மடித்துக் கட்டினாள். எல்லாம் மறைந்துவிட்டது, நெஞ்சில் மட்டும் ஒரு புடைப்பு. ஆனால் துணி உரசி உரசி எனக்குள் நாள் முழுக்க மழை பெய்துகொண்டே இருந்தது. மிஸ்ஸின் குரல் அந்த மழைக்கு அப்பால் எங்கேயோ கேட்டது. அத்துடன், குனிந்தால் மிஷின் கீச்சென்று கத்தும். அது எனக்குக் கேட்காது. மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

அப்போது சித்தப்பா எங்களுடன் தங்கி, அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கோவில்பட்டிக்காரர். வந்து ஒரு வருஷம் ஆவதற்குள் பிறந்ததிலிருந்தே இங்கேதான் கிடந்தவர் மாதிரி பேச ஆரம்பித்திருந்தார். பிள்ளைகள் உற்று உற்றுப் பார்க்கிறார்கள் என்று நான் அழுதபோது அவர்தான் வழி சொன்னார்.

"இதுக்கா அய்வுற? எவனாச்சும் இன்னா இதுன்னு கேட்டா, ரேடியோன்னு சொல்லிடு. அவ்ளோதான் மேட்டர்."

சொன்னேன். அடுத்த முறை மிஷின் கத்தியபோது பக்கத்தில் இருந்த பெண் என்ன என்று கேட்டாள். ரேடியோ என்றேன். அவள் உடனே நம்பிவிட்டாள். அவர்கள் வீட்டு ரேடியோவும் திருகும்போது இப்படித்தான் கத்துமாம். என்ன பாடுகிறது என்று கேட்டாள். நான் அதுவரை ஒரு பாட்டையும் முழுசாகக் கேட்டதில்லை. சித்தப்பா பாட்டுக் கேட்கும்போது எப்படி இருப்பார் என்பது தெரியும். அவரைப் போலவே கண்ணை மூடி, தலையை ஆட்டி, உதட்டை மட்டும் அசைத்தேன்.

சாப்பாட்டு மணிக்குள் வகுப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அதுவரை என்னிடம் இருந்து எட்டி உட்கார்ந்த பிள்ளைகள் முறுக்கும் சர்க்கரை தடவிய சப்பாத்தியுமாக வந்து நின்றார்கள். எனக்கும் குடு, எனக்கும் குடு என்றார்கள். ஒயரைக் காதிலிருந்து எடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆகவே சட்டை மேலேயே காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். ஒவ்வொருவராக வந்து என் நெஞ்சில் காதை வைத்தார்கள். ஒருவன் நிமிர்ந்து, "மேளம் அடிக்குது" என்றான்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒரு பையன் தனக்கும் ரேடியோ வேண்டும், இல்லாவிட்டால் பள்ளிக்கே போகமாட்டேன் என்று வீட்டில் உருண்டு புரண்டிருக்கிறான். அவன் அம்மா நேராகப் பெரிய மிஸ்ஸிடம் வந்துவிட்டார். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்த கையோடு, அப்பா காக்கி உடுப்பிலேயே வந்தார். பெரிய மிஸ் அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் வகுப்பு மிஸ்தான் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருபவர். வராந்தாவில் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன் சார், படிக்கிற புள்ளைக்கு ரேடியோ குடுத்தா அனுப்புவீங்க? இது ஸ்கூலா, டீக்கடையா?" என்றார் பெரிய மிஸ்.

நான் அப்பாவைப் பார்த்தேன். பொய் சொன்னால் அப்பாவுக்குக் கெட்ட கோபம் வரும். தின்ற வெல்லத்தைத் தின்னவில்லை என்று சொன்னதற்கு என் முதுகில் வைத்திருக்கிறார். இப்போது எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

"தப்புதான் மேடம். இனிமே குடுத்தனுப்ப மாட்டேன்."

பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். பின்னலை ஒதுக்கிக் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். ஒயர் முடியில் சிக்கிக்கொண்டது. சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டு, அம்மா தைத்த பையிலிருந்து பெட்டியை வெளியே இழுத்தார். அது வருவதற்குள் என் சட்டையின் மேல் பொத்தான் இரண்டும் திறந்துகொண்டன. வராந்தாவில் அத்தனை பிள்ளைகளும் பார்த்தார்கள். காதுக்குள் போகும் துண்டை அவர் சட்டென்று உள்ளங்கையில் மூடிக்கொண்டார். பெரிய மிஸ் அதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற மிஸ் பார்த்தார். காதின் உள்வளைவை அப்படியே அச்செடுத்த மாதிரி இருக்கும் அந்தத் துண்டு எந்த ரேடியோவிலும் கிடையாது. மிஸ் குனிந்து என் பொத்தான்களைப் போட்டுவிட்டார்.

அப்பா மிஷினைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவருக்கு என்னைப் பெற்றதே வெட்கம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டதால் எனக்கும் என்மேல் வெட்கமாகப் போய்விட்டது. பின்னலை இன்னும் இழுத்துக் காதை மூடிக்கொண்டேன். மூடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு வகுப்பில் நான் கண்ணால் மட்டும் பிழைத்தேன். எல்லோரும் எழுந்தால் எழுவேன். எல்லோரும் கை தட்டினால் தட்டுவேன். அவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். ரேடியோ போன பிறகு முறுக்கும் வரவில்லை.

ஒருநாள் எழுதிக்கொண்டிருந்த நான் நிமிரவில்லை. ஒன்றுக்குப் போகக் கூப்பிட்டது தெரியவில்லை. எல்லோரும் போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு முட்டியது. சுண்டுவிரலைத் தூக்கலாம். ஆனால் மிஸ் திரும்பிக் கேள்வி ஏதாவது கேட்டால் எனக்குப் புரியாதே என்று பயந்து, தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பெஞ்சுக்குக் கீழே ஓடி முன்வரிசை வரை போய்விட்டது. நாலு வயதுப் பிள்ளைகள் காலைத் தூக்கி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். ஆயா துடைப்பத்தோடு வந்தாள். அவள் சொன்னது காதில் விழாவிட்டாலும் வாயிலிருந்து படிக்க முடிந்தது.

"இன்னா கண்ணு, இம்மாம் பெரிய பொண்ணா இருந்துகினு!"

அந்தக் காட்சி நினைவு வந்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும். பிள்ளை குட்டி பெற்ற பிறகும் அது போகவில்லை.

அன்று சாயங்காலம் மிஸ் எங்கள் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். கைப்பையும் குடையுமாக வாசலில் நின்றவரைப் பார்த்ததும் சித்தப்பா பின்பக்கமாக நழுவினார். அப்பா பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அன்று பேசியதெல்லாம் அவள் பிற்பாடு எனக்குச் சொன்னதுதான்.

"சார், பாப்பாவோட ரேடியோவ நாளைலேர்ந்து குடுத்தனுப்புங்க" என்றிருக்கிறார் மிஸ்.

அப்பா "இல்லம்மா, பெரிய மேடம்..." என்று இழுத்தார்.

"அவங்கள நான் பாத்துக்கறேன். ரேடியோ இருந்தா புள்ள நல்லா படிக்கிறா. ஒண்ணே ஒண்ணு, உள்ள வச்சுத் தைக்காதீங்க. துணி உரசினா பாட்டு சரியா கேக்காதுல்ல?"

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்பா தலையைத் தூக்கவே இல்லை. காபியைக் குடித்துவிட்டு மிஸ் போய்விட்டார். நான் அறை வாசலில் உட்கார்ந்து மிஸ்ஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியோ என்ற ஒரு சொல் மட்டும் நன்றாகப் புரிந்தது.

மறுநாள் மிஸ் என்னை முதல் பெஞ்சில் தன் மேசைக்கு எதிரில் உட்காரவைத்தார். மிஷின் சட்டைக்கு மேலேயே தொங்கியது. எனக்குள் பெய்துகொண்டிருந்த மழை நின்றுவிட்டது. ஏ, பி, சி, டி என்று மிஸ் சொன்னது தனித்தனியாக வந்து விழுந்தது. பெரிய மிஸ் சுற்றி வரும் நேரத்தில் மட்டும் மிஸ் எனக்கு முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றுவிடுவார். அவர் புடவைக் கொசுவத்தைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன் என்றால் அது அந்தக் கொசுவத்தின் புண்ணியம்.

ஆனால் அப்போது எனக்கு வேறு விசாரம் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல மிஸ் என் பொய்யை நம்பிவிட்டார். அதை நம்பி வீடுவரை நடந்து வந்து, அப்பாவிடம் ரேடியோ கேட்டிருக்கிறார். அவரை ஏமாற்றிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். மிஸ் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுருங்கிப்போகும். சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு அடி வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

மிஸ் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது எழுந்து பக்கத்தில் போனேன். என் குரல் எவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாத வயது.

"மிஸ், இது ரேடியோ இல்ல. எனக்குக் காது கேக்காது."

வகுப்பு முழுக்க நிமிர்ந்தது. மிஸ் வாசல் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். வராந்தாவில் பெரிய மிஸ் ஆயாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டு நின்றார். மிஸ் என்னைப் பார்த்து ஒருமுறை சிரித்தார். தலையை ஆட்டினார். ஒன்றுமே நடக்காத மாதிரி போர்டுப் பக்கம் திரும்பி எழுதத் தொடங்கினார்.

நான் இன்னொரு தரம் சொன்னேன். அதற்கும் அதே சிரிப்பு, அதே தலையாட்டல்.

புரியாதபோது சிரித்துத் தலையாட்டிச் சமாளிப்பது யார் என்பது எனக்குத் தெரியாதா? என் வெட்கமெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கேயோ போய், மிஸ்ஸின்மேல் தாங்க முடியாத இரக்கம் வந்துவிட்டது. பாவம், மிஸ்ஸுக்கும் கேட்காது. அவர்கள் வீட்டில் அதை மறைத்துத்தான் வேலைக்கு அனுப்புகிறார்கள். மிஷின்கூட வாங்கிக் கொடுக்கவில்லை.

இதை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாளிலிருந்து மிஸ்ஸிடம் பேச வேண்டுமென்றால் அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்று, அம்மா என்னிடம் பேசுவது போலவே, வாயை அகலத் திறந்து ஒவ்வொரு சொல்லாகப் பேசினேன்.