புடைப்பு என்று சொன்னேன்

வேலூரில் ஆசிரியப் பயிற்சிக்குப் படித்தபோது, கடைசிப் பரீட்சையாக ஒரு வகுப்பை நடத்திக் காட்ட வேண்டும். என்ன பாடம் என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். விடுதியில் என் பக்கத்துப் பாய்க்காரிக்கு வாழைமரம் வந்தது. எனக்குக் கண்ணாடிகள் வந்தன.

பாடம் கஷ்டமில்லை. கண்ணாடி உள்பக்கம் வளைந்தால் உருவம் எப்படித் தெரியும், வெளிப்பக்கம் வளைந்தால் எப்படித் தெரியும் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். சொற்கள்தான் கஷ்டம். புத்தகத்தில் ‘கான்கேவ்’, ‘கான்வெக்ஸ்’ என்று அப்படியே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எது உள்ளே, எது வெளியே என்று எனக்கே மூன்று நாள் மாறி மாறிக் குழம்பியது. எங்கள் தமிழாசிரியரிடம் கேட்டேன். உள்ளே போனால் குழிந்தது, வெளியே வந்தால் குவிந்தது என்று சொல்லச் சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆனாலும் குவிந்தது என்றால் எந்தப் பக்கம் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

அந்த வாரக் கடைசியில் ரயிலேறி ஆம்பூருக்குப் போனேன். என் அப்பாவுக்கு அங்கே தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைக் கட்டைமேல் போர்த்தி, இரண்டு முனையிலும் பிடி வைத்த கத்தியால் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுப்பார். இதை விடுதியில் நான் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் அப்பா கம்பெனியில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் தோல் வாடை போகத் துணிகளை இரண்டு தரம் துவைத்துக்கொண்டுதான் போவேன்.

மத்தியானம் அம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்து அனுப்பினாள். நான் போனபோது அப்பாவுக்கும் ஒரு தச்சருக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. தச்சர் புதுக் கட்டை ஒன்று இழைத்துக் கொண்டுவந்திருந்தார். பார்க்க நன்றாக வழவழவென்று இருந்தது. அப்பா அதன்மேல் உள்ளங்கையை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடவிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டார். தச்சர் விடவில்லை. நல்ல மரம், நல்ல இழைப்பு, இதில் என்ன குறை என்று கேட்டார்.

“புடைப்பு பத்தலை,” என்றார் அப்பா. “தட்டையா இருந்தா கத்தி மொத்தமா தோல் மேல உக்காந்துடும். கிழிஞ்சி போயிடும். புடைப்பு இருந்தாத்தான் ஒரு நேரத்துல ஒரு கோடு மட்டும் கத்திக்குக் கிடைக்கும்.”

தச்சரும் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

நான் தூக்கைப் பிடித்தபடி நின்றேன். நான் மூன்று நாளாகத் தேடிய சொல், பிறந்ததிலிருந்து என் காதில் விழுந்துகொண்டிருந்த சொல். மழையில் ஊறிய சுவர் வயிறு தள்ளினால் அம்மா சுவர் புடைச்சிருக்கு என்பாள். நிலைப்படியில் இடித்துக்கொண்டால் நெற்றி புடைக்கும். எண்ணெயில் பூரி புடைக்கும். மூட்டையில் அளவுக்கு மேல் திணித்தால் புடைக்கும். கத்தியை அழுத்தும்போது அப்பாவின் முழங்கையில் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும். முறத்தில் அரிசி புடைப்பது மட்டும் வேறே சங்கதி. திரும்பிப் போகும் ரயிலில் இதையெல்லாம் நோட்டில் எழுதி, குவிந்தது என்பதை அடித்துவிட்டேன்.

பரீட்சையன்று ஐந்தாம் வகுப்புப் பெண்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் எங்கள் தலைமையாசிரியையான மிஸ்ஸியம்மாவும், வெளியூரிலிருந்து வந்த பரீட்சை அதிகாரியும் இருந்தார்கள். அதிகாரி தமிழ் படித்தவர், கண்டிப்பானவர் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சுவரோரமாக என்னோடு படிக்கிறவர்கள் நின்றார்கள். விடுதிச் சமையலறையிலிருந்து ஒரு பித்தளைக் கரண்டியை வாங்கிப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுபோயிருந்தேன். அதன் குழியில் முகம் தலைகீழாகத் தெரிந்ததும் பெண்கள் சிரித்தார்கள். திருப்பிக் காட்டி, இந்தப் பக்கம் புடைப்பு, இதில் முகம் நேராக, ஆனால் சின்னதாகத் தெரியும் என்றேன்.

அதிகாரி கையைத் தூக்கினார். புடைப்பு என்பது வீக்கத்துக்குச் சொல்கிற கொச்சைப் பேச்சு, பாடத்துக்கு ஆகாது, குவிந்தது என்று சொல்லலாமே என்றார்.

சரி ஐயா என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருக்கலாம். எதற்குச் சொன்னேனோ தெரியாது, பிள்ளைகளையே கேட்டுப் பார்க்கலாமா ஐயா என்றேன். அவர் தலையசைத்தார்.

குவிந்தது என்றால் எப்படி இருக்கும், கையால் காட்டுங்கள் என்றேன். பாதிப் பேர் சாமி கும்பிடுவதுபோல் இரண்டு கையையும் குவித்தார்கள். கண்ணாடி அதில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். முன்வரிசையில் ஒருத்தி கைக்குள்ளே இருந்த குழியைக் காட்டினாள். அவள் பக்கத்தில் இருந்தவள் புறங்கையைக் காட்டினாள். இருவருக்கும் சண்டை வந்துவிட்டது.

புடைப்பு எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று அடுத்துக் கேட்டேன். பூரி என்றாள் ஒருத்தி. பானை வயிறு என்றாள் இன்னொருத்தி. கோட்டைச் சுவரில் வட்டமாக வெளியே வரும் இடத்தை ஒருத்தி சொன்னாள். மேல்விஷாரத்திலிருந்து வந்து படித்த பெண், எங்க மசூதி கும்மட்டம் டீச்சர் என்றாள். ஒருத்தியும் உள்பக்கத்தைக் காட்டவில்லை.

அதிகாரி சிறிது நேரம் எழுதினார். பிறகு, “இந்தச் சொல்லை எங்கேயம்மா எடுத்தீர்கள்? அகராதியிலா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். சுவரோரமாக நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“இல்லைங்க ஐயா. எங்கப்பா ஆம்பூர் டேனரியில தோல் சுரண்டறவர். அவர் கட்டைக்குச் சொல்ற வார்த்தை,” என்றேன்.

சொன்ன பிறகு முகம் சுட்டது. ஆனால் முதுகு நிமிர்ந்துகொண்டது. அதை இன்றும் என்னால் உணர முடிகிறது. கட்டை எதற்குப் புடைப்பாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டார். ஒரு நேரத்தில் ஒரு கோடு என்று அப்பா தச்சரிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் எழுந்து வந்து கரண்டியைக் கையில் வாங்கி, முதுகுப் பக்கத்தில் பேனாக் கத்தியைப் படுக்க வைத்துப் பார்த்தார். அது ஒரே ஒரு இடத்தில் மட்டும்தான் தொட்டது.

“உங்கள் அப்பா சொன்னதுதான் சரி,” என்றார். “அந்தச் சொல்லே இருக்கட்டும். பாடத்தை நடத்துங்கள்.”

அந்த வருஷம் எங்கள் வகுப்பில் போதனைக்கு முதல் இடம் எனக்குத்தான். விடுதியில் இரண்டு பேர் அன்று முதல் என்னோடு ஒரே பந்தியில் உட்காரவில்லை. வாழைமரக்காரி தன் தட்டைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய அப்பா சிறையில் வார்டர் என்று அதுவரை அவளும் யாருக்கும் சொன்னதில்லையாம்.

மாதனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் அப்பா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். ஊர் எல்லையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் மாட்டை நிறுத்தி, யாரு, எங்கே போறீங்க என்று விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உங்க ஊரு டீச்சர்,” என்றார்.