சித்தியின் மீன் தொட்டியில் நின்றுபோன மோட்டார்

“மோட்டாரை யாரு நிறுத்தினது?” என்று சித்தி கேட்டபோது, நான் கையில் மீன் தீவனத்தோடு தொட்டி ஓரம் நின்றிருந்தேன்.

வீட்டிலேயே துணி தைக்கும் சித்தி, கொல்லைத் தொட்டியில் எட்டு மாதமாக இருநூறு மீன்களை வளர்த்தார். தண்ணீருக்குள் காற்றடிக்கும் சின்ன மோட்டார் ஒரு நிமிடம் நின்றாலும் தையலைப் போட்டுவிட்டு ஓடுவார். அன்று தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தார். சித்தி வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு அது விஷயமாகப் போன் வந்தது. இரைச்சலாக இருக்கிறதே என்று மோட்டாரை நிறுத்தியவள், பேசி முடித்ததும் மறந்தே போனேன்.

மதியம் போய்ப் பார்த்தால் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இரண்டு கை தீவனம் போட்டேன். ஒன்றுகூடத் தின்னவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சித்தி வந்தார்.

“பசியில்லடி, மூச்சு முட்டுது. வாளியை எடு” என்று மோட்டாரைப் போட்டார். தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு, காற்று கலக்கட்டும் என்று உயரத்திலிருந்து ஊற்றினோம்.

“நான்தான் சித்தி நிறுத்தினேன்.”

“தெரியும். நீ வேலைக்குப் போறதுக்குள்ள என் மீனெல்லாம் மேலோகம் போயிடும் போல. ஊத்து.”

பன்னிரண்டு மீன்கள் செத்து மிதந்தன. மற்றவை மெல்ல அடிக்கு இறங்கின.

மீன் வளர்ப்பவர்கள் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். மேலே வந்து வாயைத் திறக்கும் மீன் தீவனம் கேட்கவில்லை.