மரம் பருக்கட்டும் என்றாள்

போடிநாயக்கனூரில் ஏலக்காயை ஏலம் விடுகிற கூடத்துக்கு முதல் தடவை வருகிறவர்கள் தரையைப் பார்த்துத்தான் திகைத்துப்போவார்கள். ஒவ்வொரு சரக்கிலிருந்தும் மாதிரிக் காய் வியாபாரிகளின் முன்னால் வரும். அவர்கள் ஒரு பிடி அள்ளுவார்கள், உள்ளங்கையில் உருட்டுவார்கள், ஒன்றை உடைத்து முகர்வார்கள், பிறகு அப்படியே கீழே போட்டுவிடுவார்கள். திருப்பி வைக்கிற வழக்கம் கிடையாது. மத்தியானத்துக்குள் காலடியில் நொறுநொறுவென்று காய் மிதிபடும். மலையில் அட்டைக்கடி பட்டுப் பறித்த காய் அது.

எழுபதுகளில் நான் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். கடைக்காரருடைய லாபத்தைப் பிழையில்லாமல் எழுதுவது என் சோலி. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இந்தத் தரை விஷயத்தை வேடிக்கையாகச் சொன்னேன். என் வேடிக்கைக்கு வீட்டில் யாரும் சிரிப்பதில்லை என்பது எனக்குப் பழகிய துன்பம். அன்று என் மனைவி சிரிக்காததோடு ஒரு கேள்வியும் கேட்டாள்.

"அத யாரு கூட்டுறது?"

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நாங்கள் என் அண்ணன் வீட்டில், முன்னறையைத் தட்டி வைத்து மறைத்த பாதியில் குடியிருந்தோம். அடுப்படி மதினியின் ராஜ்ஜியம். மதினி கெட்டவர் அல்ல; ஆனால் ராஜ்ஜியம் ராஜ்ஜியம்தான். தனக்கென்று ஒரு அடுப்படி உள்ள சொந்த வீடு வேண்டும் என்று கல்யாணமான மறுவாரமே அவள் சொல்லிவிட்டாள். ஆகட்டும் என்றேன். கணக்கெழுதுகிறவனின் சம்பளத்தில் 'ஆகட்டும்' என்கிற சொல்லைத்தான் தாராளமாகச் செலவழிக்க முடியும்.

அவள் நகையில் ஒன்றை விற்று, தரையைக் கூட்டிக்கொள்ளும் உரிமையை வருஷக் குத்தகைக்கு எடுத்தாள். மற்ற முதலீடு ஒரு விளக்குமாறு, இரண்டு சல்லடை, ஒரு முறம். கூட்டியதைப் புடைத்து, முழுக்காயைத் தனியே எடுத்து டீக்கடைகளுக்கும் பலகாரக் கடைகளுக்கும் கொடுத்தாள். மிதிபட்டு உடைந்ததிலிருந்து உள்விதையான ஏலரிசியைப் பிரித்து வெற்றிலைபாக்குக் கடைகளுக்கு விற்றாள். விலை ஏறினாலும் இறங்கினாலும் வியாபாரிகள் காயைக் கீழே போடத்தான் போகிறார்கள். ஆகவே அந்தத் தொழிலில் நஷ்டம் வர வழியே இல்லை. என் கடை நண்பர்கள் என்னைப் பார்த்ததும் காலைத் தூக்கி, "மாப்ளே, செருப்புல ரெண்டு காய் ஒட்டியிருக்கு, வீட்டுல குடுத்துரு" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அவளைப் பார்த்து எனக்கும் தொழில் ஆசை வந்தது. நல்ல பச்சைக் காயாக ஒரு மூட்டை வாங்கி, விலை ஏறட்டும் என்று கட்டிலுக்கடியில் வைத்தேன். விலை ஏறத்தான் செய்தது. அதற்குள் காய் பச்சை போய் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. ஏலக்காயில் பச்சைக்குத்தான் விலை என்று தினமும் என் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தவன் நான். அவள் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "காத்திருக்கத்தான் வேணும்ங்க. ஆனா, வச்சா வளர்றதுக்குப் பக்கத்துல காத்திருக்கணும்" என்றாள்.

அப்படித்தான் மலையில் குரங்கணிக்கு மேலே ஒரு சரிவு எங்கள் கைக்கு வந்தது. பாறை அதிகம் என்று யாரும் தொடாத இடம். அதில் சில்வர் ஓக்கு கன்றுகளை நட்டோம். காய்க்காது, பூவும் விற்காது. வளர்ந்து பருத்தால் பலகைக்குப் போகும், அவ்வளவுதான். வருஷா வருஷம் தரைக்காயில் மிஞ்சியதைக் கொண்டு பக்கத்திலேயே இன்னும் கொஞ்சம் வாங்கி, இன்னும் கொஞ்சம் நட்டாள். வீட்டு வரைபடம் மட்டும் வாயாலேயே வளர்ந்துகொண்டிருந்தது. அடுப்படி கிழக்கே, புகை போக ஜன்னல், நின்று சமைக்க மேடை. மதினி அந்தப் பக்கம் வரும்போது பேச்சை மழைக்கு மாற்றிவிடுவோம்.

மரங்கள் ஓர் ஆள் கட்டிப்பிடிக்கிற அளவுக்கு வந்தபோது அவளுக்கு உடம்பு மெலிந்தது. மதுரைக்குக் கூட்டிப்போனேன். வைத்தியத்துக்குக் குறை வைக்கவில்லை. அதற்குத் தரைக்காய்ப் பணமே போதுமானதாக இருந்தது. டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. வெளியே வந்த என் முகத்தைப் பார்த்து அவளே படித்துக்கொண்டாள். திரும்புகிற பஸ்சில் ஆண்டிபட்டி தாண்டும்வரை என் கையைப் பிடித்திருந்தாள். இருபது வருஷத்தில் ஊரறிய அவள் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

மரத்தை விற்று வீட்டை எழுப்பிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். அவள் அதில் ஒரு மாதமாவது சமைக்க வேண்டும். ஒரு மர வியாபாரியைப் பிடித்து ஜீப்பு ஏற்பாடு பண்ணினேன். வரவேண்டாம் என்றேன், அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

வியாபாரி கயிற்றைச் சுற்றி நாலைந்து மரங்களை அளந்தார். "அண்ணே, இப்ப வெட்டுனா பெட்டி அடிக்கத்தான் ஆகும். பலகைக்கு இன்னும் சில வருசம் நிக்கணும். அவசரம்னு சொன்னியளேன்னு பாதி வெலைக்கு எடுத்துக்கிறேன்" என்றார்.

அவள் ஒரு மரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "யாருக்கண்ணே அவசரம்? எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல. நீங்க கயித்தச் சுருட்டுங்க" என்றாள்.

வியாபாரி என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். அவர் ஜீப்புப் பக்கம் போன பிறகு, "வீடே உனக்குத்தான். நீ பாக்காத வீடு எனக்கு எதுக்கு?" என்றேன்.

"நான் பாக்கணும்ங்கிறதுக்காகப் பாதிய விட்டுட்டு வர்றதா? அப்பிடிக் கட்டுன வீட்டுல என்னால நிம்மதியா ஒரு வாய் கஞ்சி குடிக்க முடியுமா? மரம் பருக்கட்டும்ங்க."

அதற்குப் பிறகும் ஒருமுறை நான் பேச்சை எடுத்தேன். அவள் பேச்சை மழைக்கு மாற்றிவிட்டாள். அந்த வருஷ மழை தொடங்கும்முன் போய்விட்டாள். அண்ணன் வீட்டு முன்னறைத் தட்டியைக் கழற்றித்தான் அவளைக் கிடத்த இடம் பண்ணினார்கள்.

அவள் சொன்னபடியே நின்றேன். எண்பதுகளின் கடைசியில் அதே வியாபாரி வந்து அளந்தார். அவர் கொடுத்த விலையைக் கேட்டு, செருப்பைத் தூக்கிக் காட்டிய நண்பர்கள் மரக்கன்று எங்கே கிடைக்கும் என்று என்னிடம் விசாரித்தார்கள். முதலீட்டில் நிபுணன் என்று எனக்குப் பெயர் வந்தது அப்படித்தான். மறுப்பதற்குத் தெம்பில்லாமல் கொஞ்ச நாள் அந்தப் பெயரோடேயே நடமாடினேன்.

வீட்டை அவள் வாயால் வரைந்தபடி கட்டினேன். புதுமனை புகுவிழாவன்று தம்பதியாக மணையில் உட்காரச் சொன்னார் ஐயர். மனைவி இல்லாதவனுக்குத் தன் வீட்டு மணையில் இடம் கிடையாது. அண்ணனும் மதினியும் உட்கார்ந்தார்கள். நான் வந்தவர்களுக்குப் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மேடையில் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சியதும் மதினிதான். பால் பொங்கியபோது அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவ இருந்தா என்னைய இந்த அடுப்புப் பக்கம் அண்டவிட்டிருப்பாளா, கொழுந்தனாரே?"

"விட்டிருக்க மாட்டா மதினி" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு சிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போனபின் மதினி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எதை எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். ஜன்னல் எங்கே, மேடை எவ்வளவு உயரம், எல்லாம் அவள் சொல்லியிருந்தாள். பாத்திரங்களை எங்கே வைப்பது என்று மட்டும் சொல்லவில்லை; அதை வந்து வைத்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பாள். உங்களுக்குத் தோதாக வையுங்கள் என்றேன். மதினி தன் வீட்டில் இருப்பது போலவே எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுப் போனார். நான் எதையும் மாற்றவில்லை.