கையை ஆட்டினால் திரும்பி வரும் ஹெலிகாப்டர்

பிள்ளைகளே, போன வாரம் எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்தில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் போதும், வகுப்பே காலி! வாத்தியாரும் எங்களோடு வெளியே வந்து அண்ணாந்து நிற்பார். எத்தனை விமானங்களுக்குக் கையாட்டியிருக்கிறேன்... ஒன்றாவது திரும்பிப் பார்த்ததா?

இப்போது அப்படியா? பந்தல், மைக்செட் மாதிரி ஹெலிகாப்டரையும் வாடகைக்குச் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் விழாக் கமிட்டித் தலைவர் அண்ணாச்சியும் சொல்லியிருந்தார் – கோபுரத்தின் மேல் பூத்தூவ!

வானத்தில் கருடன் வட்டமிட்ட பிறகுதான் கலசத்தில் புனித நீரை ஊற்றுவார்கள், தெரியுமல்லவா? பத்து மணிக்குள் ஊற்றியாக வேண்டும். பட்டர் குடத்தோடு கோபுர உச்சியில் நிற்கிறார். ஒன்பதே முக்காலுக்கு வந்தது ஹெலிகாப்டர். பூவைக் கொட்டியது. ஓர் இதழாவது கோபுரத்தில் விழ வேண்டுமே? அது அடித்த காற்றில் அத்தனையும் அன்னதானச் சாம்பார் அண்டாவுக்குள்!

சரி, வேலைதான் முடிந்ததே, போக வேண்டியதுதானே? போகவில்லை. அந்த இரைச்சலில் எந்தக் கருடன் வரும்?

“ஏலே, அவனப் போகச் சொல்லுங்கலே! நேரம் போவுது!” அண்ணாச்சி அலறினார்.

“நீருதானவே வரச் சொன்னீரு? நீரே ஏறிப் போய்ச் சொல்லும்!” என்றார் சமையல்காரர், அண்டாவில் பூப் பொறுக்கிக்கொண்டே.

எல்லோரும் தோள்துண்டை எடுத்து, ‘போ, போ’ என்று வீசினோம். விமானி என்ன நினைத்தாரோ... குஷியாகக் கையாட்டிவிட்டு இன்னொரு சுற்று வந்தார்! வேகமாக வீசினோம். இன்னும் தாழ வந்தார்!

“எப்பா, நீங்க கூப்பிடக் கூப்பிட வருதே!” என் மகள் குதித்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“துண்டக் கீழ போடுங்கலே! ஒருத்தனும் மேல பாக்கக் கூடாது!” மைக்கில் கத்தினார் அண்ணாச்சி. ஊரே தரையைப் பார்த்து நின்றது. ஹெலிகாப்டருக்கும் சலித்துவிட்டது போலும்... கிளம்பிவிட்டது.

பத்தாக இரண்டு நிமிடம். இன்னும் குனிந்த தலைகள் நிமிரவில்லை.

“எப்பா, அந்தா!” சொன்ன பேச்சைக் கேட்காத என் மகள் மட்டும் மேலே கை காட்டினாள். தூரத்தில் ஒரு கரும்புள்ளி, சத்தமில்லாமல் வட்டமிட்டது.

“கருடன்தானா, இல்ல...” யாரோ இழுத்தார்கள்.

“கருடன்தாம்வே! பட்டரே, ஊத்தும்!” மைக்கில் முந்திக்கொண்டார் அண்ணாச்சி.

பிள்ளைகளே, எதை வரவழைப்பதானாலும், அதைத் திருப்பி அனுப்ப வழி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாம்பாரின் செவ்வந்தி வாசம் இன்னும் என் நாக்கை விட்டுப் போகவில்லை!