பந்து வராத ஓட்டம்

ஷபானாவிடம் நான் பொய் சொன்னேன். ஒரு பருவம் முழுக்க, முகத்தைப் பார்த்து, கூசாமல் சொன்னேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். பத்திரிகையில் சொந்தத் தொந்தியைக் கிண்டலடித்துப் பிழைக்கும் ஆசாமி. திருச்சிக் கல்லூரி ஒன்றில் பெண்கள் ரக்பி செவன்ஸ் அணிக்குப் பயிற்சியாளனாக இருந்ததை மட்டும் நான் எழுதியதேயில்லை. புத்தகம் படித்துத் தேறிய பயிற்சியாளன்! மைதானத்தில் நான் ஓடினால் காக்கைகூட எழுந்து பறக்காது.

அணிக்கு ஏழு பேர். பந்தை முன்னால் வீசக் கூடாது. சிறு தவறு நேர்ந்தால், அணிக்கு மூவர் தோள் கோத்து முட்டி ஆட்டத்தைத் தொடங்குவார்கள், அது ஸ்க்ரம். அங்கிருந்து ஒரு தாக்குதலை வகுத்தேன். கிருத்திகா பந்தை எடுப்பாள். ஷபானா அவளை ஒட்டி, கைகளை நீட்டியபடி நேராகப் பாய்வாள். எதிரணி ஷபானாமேல் விழும். பந்தோ அவள் முதுகுக்குப் பின்னால், ஓரத்தில் ஓடும் மேரிக்குப் போய்விடும்.

ஷபானா தூண்டில் புழு. தான் புழு என்று புழுவுக்குத் தெரிந்துவிட்டால் துடிப்பு போய்விடுமே!

ஆகவே அவளிடம், "உனக்கும் வரலாம், மேரிக்கும் வரலாம். கிருத்திகா அந்த நொடியில முடிவு பண்ணுவா" என்றேன். கிருத்திகாவைத் தனியே அழைத்து, "மேட்ச்ல அவளுக்குப் போடவே போடாத. வெளிய மூச்சு விடாத" என்றேன்.

"இன்னிக்கும் எனக்கு வரலையே சார்?" என்பாள் ஷபானா, ஒவ்வோர் ஆட்டம் முடிந்தும்.

"நேரம் வரும்மா."

எந்த நேரம்? யாருடைய நேரம்?...

இறுதி ஆட்டத்துக்கு அவளுடைய அத்தா வந்தார். மலைக்கோட்டைக்குக் கீழே வளையல் கடை வைத்திருப்பவர்; வியாபார நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். விளையாடியது போதும் என்று வீட்டில் பேச்சு. கோட்டுக்கு அப்பால் மகள் பந்தை வைப்பதை, அந்த ஒரு ட்ரையை, கண்ணால் பார்த்துவிட்டால் மேலே விளையாட விடுவாராம். என்னிடமே சொன்னார்.

ஒரே ஒரு தடவை அவளுக்குப் போடு... கிருத்திகாவிடம் இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. எனக்குக் கோப்பை வேண்டியிருந்தது.

கடைசி நிமிடம். சமநிலை. ஸ்க்ரம்.

ஷபானா பாய்ந்தாள். அப்படி ஓர் ஓட்டத்தை நான் கண்டதில்லை! எதிரணிப் பெண் முழு வேகத்தில் அவள்மேல் மோதினாள். பந்தில்லாதவளை மோதுவது விதிமீறல்தான். ஆனால் அந்தப் பெண்ணும் நம்பிவிட்டாளே. ஒரே பொய்க்கு இரண்டு ஏமாளிகள். மேரி கோட்டைக் கடந்தாள். நான் குதித்தேன். தொந்தியும் குதித்தது.

தோள் எலும்பு முறிந்து கிடந்தவள் கேட்டாள்: "சார்... பால் எங்க?"

"இவ்ளோ தூரம் பாஞ்சாளே, இவகிட்ட ஏன் சார் வரல?" என்றார் அத்தா.

"அடுத்த மேட்ச்ல வரும் பாய்."

அவளுக்கு அடுத்த மேட்ச் வரவேயில்லை.

இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை அவள். போன வாரம் ஃபோன் செய்தாள்.

"சார், நம்ம ஸ்க்ரம் அட்டாக்கைப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரேன். பால் எனக்கா மேரிக்கானு கிருத்திகா எப்படி முடிவு பண்ணுவா? நீங்க ஏதாவது சிக்னல் குடுப்பீங்கள்ல? என்ன சார் அது?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். நம்புங்கள்! ஆனால் கதை கட்டியே பழகிய வாய் அது.

"வெளியேருந்து நான் இடது காதைத் தொடுவேம்மா."

"ஃபைனல்ல தொட்டீங்களா சார்?"

"...தொட்டேன்."

பிறகு சொன்னாள்: "அப்ப கிருத்திகாதான் பாக்காம விட்டிருக்கா. பரவால்ல சார், பாவம். ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்கு அவளும் வரா. நீங்களும் வாங்களேன்."

கிருத்திகா இன்றுவரை மூச்சு விடவில்லை. விடாதே என்றவன் நான்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து என் கை இடது காதைவிட்டு இறங்க மறுக்கிறது...